கார்டு ரீடர் செத்துப்போகவில்லை: பெரம்பலூர், அரியலூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



2025 அக்டோபர் 14, புரட்டாசி 28. முகூர்த்தம் இல்லாத மாதத்தின் கடைசி நாட்கள். அன்றோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. ஆறு நாள் கழித்துத் தீபாவளி. அதற்குள் ஐப்பசியும் பிறந்துவிட்டது. வேலை இல்லாத நேரத்தில் மாற்றிவிடலாம் என்று புது விண்டோஸ் போட்டவர்களும் உண்டு, முகூர்த்தத்துக்கு நடுவே வேறு வழியின்றி மாற்றியவர்களும் உண்டு. பழைய விண்டோஸையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

சிஸ்டம் மாறிய பிறகு வரும் முதல் கல்யாணத்தின் இரவில் நடப்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், பிறகு மதியம் வரை குடும்பப் படங்கள். கடைக்கு வந்து கேமராவிலிருந்து கார்டை எடுத்து லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினால் ஒன்றுமே நடப்பதில்லை. 'டொய்ங்' என்ற சத்தம் இல்லை, ஜன்னல் திறக்கவில்லை, டிரைவ் பட்டியலில் எழுத்தும் இல்லை. எடுத்து ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகுகிறார்கள். மூன்றாவது முறை ஒரு பெட்டி எழும்புகிறது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லாதீர்கள். இந்த மடல் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போகலாம். ரீடர் கெட்டால் சில நூறு ரூபாயில் வெளியே செருகும் ரீடர் கிடைக்கும். லேப்டாப்பே போனால் கடன் வாங்கியாவது வேறு வாங்கலாம். தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க யாராலும் முடியாது. அதனால் ரீடர் படிக்கவில்லை என்றதும் முதல் வேலை ரீடரைச் சரிசெய்வது அல்ல, படங்களைக் காப்பாற்றுவது. கேபிளால் கேமராவையே கணினியோடு இணைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கடையில் ஒரு யுஎஸ்பி ரீடரை இரவல் வாங்கி, வேறொரு கணினியில் காப்பி எடுங்கள். அந்தக் காப்பியை இரண்டு இடத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு உட்கார்ந்து நிதானமாக ரீடரைப் பார்க்கலாம்.

இந்த முதலுதவியே பாதி நோயறிதலையும் செய்துவிடும். கார்டு இன்னொரு ரீடரில் ஒழுங்காகத் திறந்தால் கார்டில் கோளாறில்லை. அங்கும் திறக்காவிட்டால் சிஸ்டம் மாற்றியதற்கும் கோளாறுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்; அந்தக் கார்டைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அதைப் பற்றிப் பின்னால்.

கார்டு நன்றாக இருக்கிறது, லேப்டாப் மட்டும் படிக்கவில்லை என்றால், சர்வீஸ் கடையில் பெரும்பாலும் கேட்கும் பதில் 'ஸ்லாட் போச்சு'. நேற்றுவரை ஓடிய ஸ்லாட், ஒரு இரவில் விண்டோஸ் மாறியதும் போய்விட்டது என்றால் அதை உடனே நம்ப வேண்டாம். அந்தப் பிளவுக்குப் பின்னால் நகத்தைவிடச் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. கார்டை விண்டோஸ் நேரடியாகப் படிப்பதில்லை. சிப் படித்துக் கொடுக்கிறது. அந்த சிப்போடு பேச விண்டோஸுக்குத் தேவைப்படும் மென்பொருள்தான் டிரைவர். வெளியே செருகும் ரீடர்கள் பெரும்பாலும் பென்டிரைவ் பேசும் அதே பொது மொழியைப் பேசும். அதனால்தான் அவற்றை எந்தக் கணினியில் செருகினாலும் ஓடுகின்றன. உள்ளே பதித்த ரீடர்களில் சில, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே யுஎஸ்பி பாதையில் இணைக்கப்பட்டிருக்கும். வேறு சில, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதையில் இருக்கும். இந்த இரண்டாவது வகைக்கும், முதல் வகையில் சிலவற்றுக்கும், சிப்பைச் செய்த நிறுவனத்தின் தனி டிரைவர் வேண்டும். சிஸ்டம் மாறும்போது தொலைவது பெரும்பாலும் அதுதான். ஸ்லாட்டும் சிப்பும் இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே இருக்கின்றன.

தொலைந்ததா இல்லையா என்பதைப் பார்க்கும் இடம் டிவைஸ் மேனேஜர். விண்டோஸ் பொத்தானை வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் அது இருக்கிறது. அதில் மஞ்சள் முக்கோணத்துடன் 'அன்னோன் டிவைஸ்' என்றோ 'பிசிஐ டிவைஸ்' என்றோ ஒரு வரி தெரிந்தால், பெயர் மறந்துபோன அந்த ரீடராக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பண்புகளைத் திறந்து 'டீட்டெயில்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரி வரும். அது அந்த சிப்பின் ஜாதகம் போல. 'விஇஎன்' அல்லது 'விஐடி' என்பதற்கு அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் செய்தவர் யார் என்பதைச் சொல்லும். 'டிஇவி' அல்லது 'பிஐடி'க்கு அடுத்து வருபவை எந்த மாடல் என்பதைச் சொல்லும். பிசிஐ பாதையில் 10இசி என்றிருந்தால் ரியல்டெக், 197பி என்றால் ஜேமைக்ரான், 1180 என்றால் ரிக்கோ, 1217 என்றால் ஓ2 மைக்ரோ. யுஎஸ்பி பாதையில் 0பிடிஏ என்றிருந்தால் மறுபடியும் ரியல்டெக். 058எஃப் என்றால் ஆல்கார். பெயர் தெரியாத ஒன்றைத் தேடி அலைவதற்கும், பெயரும் ஊரும் தெரிந்தவரைத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு வரி கொடுத்துவிடுகிறது.

ரியல்டெக் என்ற பெயரைப் பார்த்ததும் பலர் ஒரு குழியில் விழுகிறார்கள். தைவானைச் சேர்ந்த அந்த நிறுவனம் ஒலிக்கான சிப்பும் செய்கிறது, இணைய இணைப்புக்கான சிப்பும் செய்கிறது, கார்டு ரீடர் சிப்பும் செய்கிறது. மூன்றுக்கும் மூன்று தனித்தனி டிரைவர்கள். 'ரியல்டெக் டிரைவர் ஏற்கெனவே போட்டாச்சே' என்று சொல்பவரின் கணினியில் ஒலிக்கான டிரைவர் மட்டும் இருக்கும். பாட்டு கேட்கும், கார்டு படிக்காது.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது? கணினியைச் செய்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில், லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ கொடுத்து எடுப்பதுதான் சரி. விண்டோஸின் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று உள்ளே போனால் அங்கேயும் டிரைவர்கள் காத்துக்கிடக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் 'எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்' மென்பொருள்களைத் தொட வேண்டாம். காசு கேட்பவை, விளம்பரத்தை உள்ளே இறக்குபவை, தவறான டிரைவரைப் போட்டுச் சிக்கலை இரட்டிப்பாக்குபவை அவற்றில் நிறைய. வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் அப்படிப்பட்ட ஒன்றை ஏற்றுவது நியாயமே இல்லை.

பழைய டிரைவரை ஒரு பென்டிரைவில் பத்து வருடமாக வைத்திருந்து எல்லாக் கணினிக்கும் அதையே போடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. கார்டு ரீடர் டிரைவர் என்பது விண்டோஸின் மையத்துக்குள் நுழைந்து வேலை செய்யும் பொருள். ரியல்டெக் ரீடர் டிரைவரில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளை 2024-இல் ஓர் ஆய்வாளர் வெளியிட்டார். டெல், ஹெச்பி, லெனோவா என்று பல நிறுவனங்களின் லேப்டாப்கள் அந்த டிரைவரைப் பயன்படுத்திவந்தன. திருத்திய டிரைவர்கள் வந்துவிட்டன. விண்டோஸ் 11-இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற காவல் இயங்கும்போது, ஒத்துப்போகாத பழைய டிரைவரை உள்ளே ஏறவே விடாது. பழைய டிரைவருக்காக அந்தக் காவலை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனையும் உலவுகிறது. அதைக் கேட்காமல் புதிய டிரைவரைத் தேடுவதே நல்லது.

டிவைஸ் மேனேஜரில் ரீடர் பெயரோடு ஒழுங்காக இருக்கிறது, மஞ்சள் முக்கோணமும் இல்லை, ஆனாலும் கார்டு தெரியவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில். இங்கேதான் பல மணி நேரம் வீணாகும். விண்டோஸ் 7 முதல், காலியாக இருக்கும் டிரைவ்களைக் காட்டாமல் மறைப்பதே இயல்பு அமைப்பு. எக்ஸ்பியில் கார்டு இல்லாவிட்டாலும் ஈ, எஃப், ஜி என்று எழுத்துகள் வரிசையாக நின்றதைப் பார்த்துப் பழகியவர்கள், புதிய சிஸ்டத்தில் அவை காணாமல் போனதும் ரீடரே போனதாக நினைத்துவிடுகிறார்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் எம்ப்டி டிரைவ்ஸ்' என்ற குறியை எடுத்தால் திரும்பி வரும். கார்டு செருகியதும் தானாகத் திறந்த ஜன்னல் இப்போது திறக்கவில்லை என்றால், ஆட்டோபிளே அமைப்பு மாறியிருக்கலாம். கையால் திறந்து பார்த்தால் படங்கள் அங்கேயே இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் கார்டு தெரிந்து எழுத்து மட்டும் இல்லாவிட்டால், வலது சொடுக்கி ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். ஸ்டுடியோக்களில் மூன்று நான்கு வெளி ஹார்ட் டிஸ்க்குகள் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பதால் எழுத்துச் சண்டை இங்கே சகஜம்.

எழுத்து மாறுவது சின்ன விஷயமல்ல என்பதற்கு மைக்ரோசாஃப்டே சாட்சி. 2019-இல் விண்டோஸ் 10-இன் மே மாதப் பதிப்பு வந்தபோது, யுஎஸ்பி டிஸ்க்கோ எஸ்டி கார்டோ செருகியிருந்த கணினிகளில் மேம்படுத்தலையே அந்த நிறுவனம் நிறுத்திவைத்தது. மேம்படுத்தும்போது டிரைவ் எழுத்துகள் இடம் மாறிவிடும் என்பதுதான் காரணம். கார்டை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள் என்பதே அவர்கள் சொன்ன தீர்வு. அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் மோசம். 2018 அக்டோபர் பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது என்ற புகார் எழுந்து, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டு, நவம்பரில்தான் மறுபடி வந்தது. ஆக, மேம்படுத்தும் முன் கார்டையும் வெளி டிஸ்க்குகளையும் கழற்றிவிட வேண்டும், முடிக்காத ஆல்பம் வேலைகளை வேறிடத்தில் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்பது வெறும் பயத்தில் சொல்வதல்ல. நடந்ததை வைத்துச் சொல்வது.

சில லேப்டாப்களில் கார்டைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினால் படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் படிக்காது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ரீடரைத் தூங்கவைத்த விண்டோஸ், அதை எழுப்ப மறந்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் ரீடரின் பண்புகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதி இருந்தால், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துப் பாருங்கள். பயாஸ் அமைப்பிலும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் சில லேப்டாப்களில் கார்டு ஸ்லாட்டை அங்கிருந்தே அணைத்துவைக்க முடியும். பழைய அலுவலக லேப்டாப்களை செகண்ட்ஹேண்டில் வாங்கி ஓட்டும் ஸ்டுடியோக்கள் இதை மறக்கக் கூடாது.

இவ்வளவும் மென்பொருள் விவகாரம். மண்ணும் தூசியும் வேறு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் லாரியும் ஓயாத சாலைகளை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். சாதாரண எஸ்டி கார்டின் பின்புறம் ஒன்பது செம்பொன் நிறத் தொடுமுனைகள் இருக்கின்றன, மைக்ரோ எஸ்டியில் எட்டு. அவற்றில் ஒன்றின் மேல் தூசி படிந்தாலும் பேச்சு அறுந்துபோகலாம். லேப்டாப் வாங்கும்போது சில மாடல்களின் ஸ்லாட்டில் வெற்று பிளாஸ்டிக் கார்டு ஒன்று செருகியிருக்கும். பலர் முதல் நாளே அதை எறிந்துவிடுவார்கள். தூசிக்குக் கதவு அதுதான், பத்திரமாக வைத்துத் திரும்பச் செருகிவையுங்கள். கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன 'லாக்' நழுவானையும் கவனிக்க வேண்டும். அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. அதன் இடத்தைப் பார்த்து ரீடர்தான் 'எழுதக் கூடாது' என்று முடிவு செய்கிறது. நழுவான் தளர்ந்துபோன கார்டு, பூட்டியதாகவே தெரியும்.

இனி அந்த ஃபார்மட் பெட்டியின் கதை. எஸ்டி கார்டை 1999-இல் மட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்தபோது அதன் வடிவம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. உள்ளே மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதல் வகை 2 ஜிபி வரை. 2006-இல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் எல்லா ரீடரும் எல்லாக் கார்டையும் படிக்கும் என்று தோன்றும். படிக்காது. பழைய ரீடர் புதுக் கார்டைக் கண்டால் ஒன்று பேசாமல் இருக்கும், இல்லாவிட்டால் தப்பாகப் படித்து ஃபார்மட் கேட்கும். இன்னொரு சிக்கல், கார்டுக்குள் கோப்புகளை அடுக்கும் முறை. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையில் வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். எக்ஸ்ஃபேட் தெரியாத சிஸ்டத்துக்கு 64 ஜிபி கார்டு வெறும் தாள். அதனால்தான் 'எழுதலாமா' என்று கேட்கிறது. உள்ளே எழுநூறு படம் இருப்பது அதற்குத் தெரியாது.

இது நம் பக்கத்தில் பலர் கையில் இருந்த கணினிகளைத் தொட்ட விஷயம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழியாக மாணவர்களுக்குப் போன மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழிலும் இயங்கக்கூடிய அமைப்பு அது. அந்த மடிக்கணினியில் ஃபோட்டோஷாப் பழகித் தொழிலுக்கு வந்தவர்கள் இன்று முப்பதை நெருங்கியிருப்பார்கள், சிலர் தாண்டியும் இருப்பார்கள். அந்தக் காலத்து லினக்ஸுக்குள் எக்ஸ்ஃபேட் கிடையாது. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டதே 2019 ஆகஸ்டில்தான். அவ்வாண்டு நவம்பரில் வந்த 5.4 கெர்னலில்தான், அதாவது மையப் பகுதியின் அந்தப் பதிப்பில்தான், லினக்ஸ் தானாகவே அதைப் படிக்கத் தொடங்கியது. ஆகவே விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத பழைய கணினியில் லினக்ஸ் போட நினைப்பவர்கள் புதிய பதிப்பாகப் பார்த்துப் போட வேண்டும். ரியல்டெக் யுஎஸ்பி ரீடர்கள் சிலவற்றுக்கான டிரைவரும் லினக்ஸுக்குள் முறையாகச் சேர்ந்தது 2014-இல்தான். அதற்கு முன் கையால் தொகுத்துப் போட்ட டிரைவர்கள் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்திலும் உதிர்ந்துகொண்டிருந்தன. புதிய பதிப்பில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கை தவறி ஃபார்மட் அடித்துவிட்டவருக்கும் ஒரு வார்த்தை. சாதாரணமாக நடப்பது 'குவிக்' ஃபார்மட். அது அட்டவணையைத்தான் அழிக்கிறது. படங்கள் அடியில் அப்படியே கிடக்கின்றன, அவற்றின் மேல் புதிதாக எதையும் எழுதாதவரை. அதனால் அந்த நிமிடமே கார்டை வெளியே எடுங்கள். லாக்கைக் கீழே இறக்குங்கள். அதே கார்டில் இன்னொரு நிகழ்ச்சி எடுத்துவிடாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, மூல நிரல் வெளிப்படையானது. பெயர்களும் ஃபோல்டர்களும் போயிருக்கும், படங்கள் எண்களாக வந்து விழும். ஆனால் வந்து விழும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். கார்டு அடிக்கடி அறுந்து அறுந்து படித்தால் சொந்தமாக முயலாமல் நிறுத்திவிட்டு, மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது மேல். ஒவ்வொரு முயற்சியும் நோயுற்ற கார்டை இன்னும் களைப்பாக்கும்.

இன்னும் மாற்றாதவர்களுக்கு நாள் குறிக்கும் யோசனை ஒன்று. விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு, பிடிக்காவிட்டால் பழைய சிஸ்டத்துக்கே திரும்பப் பத்து நாள் அவகாசம் இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' என்று இருக்கும். அந்தப் பத்து நாள் கடந்தால் வழி அடைபட்டுவிடும். ஆகவே மாற்றிய அன்றே கார்டு ரீடர், பிரிண்டர், ஆல்பம் மென்பொருள் மூன்றையும் சோதித்துவிட வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு முகூர்த்தம் பார்க்கும் நாம், சிஸ்டம் மாற்ற முகூர்த்தம் இல்லாத மாதம் பார்க்க வேண்டும். மார்கழிதான் இதற்கு வாகான மாதம். ஆடியும் கல்யாணம் இல்லாத மாதம்தான், ஆனால் அம்மன் கோயில் வேலைகளும், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரையும் கேமராக்காரரை விடாது. 2025 ஜூலையில் அந்த விழாவுக்குப் பிரதமரே வந்தார். அப்படிப்பட்ட வாரத்தில் யாரும் சிஸ்டத்தைத் தொடக் கூடாது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்ற 2020 ஜனவரி 14 போகிப் பண்டிகை நாள். அன்று மாற்றாமல் தை முகூர்த்தத்தில் தவித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். விண்டோஸ் 10-இலேயே தொடர வேண்டியவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்டாமலும் அவற்றில் சேரலாம் என்று அந்த நிறுவனம் வழி வைத்தது. அவசரமாக, தயாரிப்பின்றி மாற்றுவதைவிட அது நல்லது.

புது லேப்டாப் வாங்குபவர்கள் ஸ்லாட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஆப்பிள் 2016-இல் மேக்புக் புரோவிலிருந்து அதை எடுத்துவிட்டு, படமெடுப்பவர்கள் ஐந்து வருடம் குறைபட்டுக்கொண்ட பிறகு 2021-இல் திரும்பக் கொடுத்தது. மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் இன்றும் ஸ்லாட் இல்லை.

கல்யாணப் படம் மட்டும்தான் இங்கே எடுக்கப்படுகிறது என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 தொடக்கத்தில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிக்கு வரித்தலை வாத்துகள் வரும் பருவத்தில் ஏரிக்கரையில் நிற்பவர்களில் உள்ளூர்க் கேமராக்காரர்களும் உண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் படமெடுக்க வரும் மாணவர்கள், காரைப் பக்கத்து ஓடைகளில் புதைபடிவம் தேடுபவர்கள், மாளிகைமேட்டில் அகழாய்வைப் பதிவு செய்தவர்கள், எல்லோருடைய வேலையும் கடைசியில் விரல் நகத்தளவுக் கார்டு ஒன்றில்தான் இறங்குகிறது. கார்டு படிக்காதபோது அவர்களும் வந்து நிற்பது பக்கத்து ஸ்டுடியோவின் வாசலில்தான். அவர்களுக்கு இந்த விஷயத்தில் மருத்துவர் நீங்கள்தான். 'ஃபார்மட் அடிச்சுப் பாருங்க, சரியாயிடும்' என்ற வார்த்தை உங்கள் கடையிலிருந்து வரக் கூடாது.

ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் வெளியே செருகும் யுஎஸ்பி ரீடர் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கட்டும். காப்பி ஆகாத கார்டுகளுக்கு ஒரு டப்பா, காப்பி ஆனவற்றுக்கு இன்னொரு டப்பா வையுங்கள். லேப்டாப்பின் மாடல் எண்ணையும் ரீடர் சிப்பின் அந்த நீண்ட வரியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், சிஸ்டம் மாற்ற வருபவர் யாராக இருந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். ஆல்பத்தை வீட்டாரிடம் ஒப்படைக்கும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள். கடையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இன்றே சொல்லிவையுங்கள்: திரையில் அந்தப் பெட்டி எழும்பினால் 'கேன்சல்', பிறகு கார்டை வெளியே எடுத்து முதல் டப்பாவில் போடு, முதலாளி வந்து பார்க்கட்டும்.